சான்று சொல்ல இயலாத மாணாக்கன்

வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்துவிட்டது. அதைப் பழக்குவதற்கு நல்ல ஆள் ஒருவரைத் தேட வேண்டும். நம் நகரங்களில் பல குடும்பங்களுக்கு நேரும் இச்சிறு தேவையை அறவியல் வினாவாக எடுத்து ஆராய்வது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். பிள்ளைகளுக்கே நல்லாசிரியர் கிடைப்பது அரிதாயிருக்கும் நாட்டில், நாய்க்கு ஆசான் தேடும் கவலையை ஏட்டில் ஏற்ற வேண்டுமா என்று கேட்பவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்வியைப் புறந்தள்ளிவிட்டு நான் எழுதவில்லை. பிள்ளையை விடுதியில் சேர்க்கும்போதும், முதுமையுற்ற பெற்றோரைக் கவனிக்க ஆள் அமர்த்தும்போதும் நம்மை அலைக்கழிக்கும் ஓர் இடர்ப்பாடு, நாய்க்குட்டியின் செய்தியில் ஒளிவுமறைவின்றி வெளிப்பட்டு நிற்கிறது. அதனாலேயே இதை எடுத்துக்கொண்டேன்.

நம் முன்னோர் நாயைப் பழக்கக் கூலிக்கு ஆள் வைத்ததில்லை. இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி எனத் தென் மாவட்டங்களில் தோன்றிப் பெயர்பெற்ற நாயினங்கள் நமக்கு உண்டு. இராசபாளையத்து நாய்க்கு 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. இந்த நாய்கள் காவல் காத்ததும் முயல் விரட்டியதும் பெரும்பாலும் உடனிருந்து கண்டு பழகியதால்தான். வயலும் தெருவும் ஆட்டுக்கிடையும் அவற்றின் பள்ளிக்கூடம். வளர்ந்த நாய்களே சட்டாம்பிள்ளைகள். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிக் காட்ட நான் முனையவில்லை. கல்லடியும் பட்டினியும் அங்கும் இருந்தன. ஆனால் குட்டி எங்கே சிறுநீர் கழித்தது என்பது அன்று யாருக்கும் வழக்காகவில்லை.

இன்றைய நிலை வேறு. மூன்றாம் மாடியில் ஒரு வீடு. காலை ஒன்பது மணிக்குப் பூட்டினால் மாலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். படிக்கட்டில் அண்டை வீட்டுக் குழந்தைகள்; கீழே இடைவிடாத போக்குவரத்து. இந்த இடத்துக்கு வர வேண்டும் என்று குட்டி கேட்கவில்லை. நாம் கொண்டு வந்தோம். இங்கு வாழ்வதற்கான ஒழுங்குகளை அது கற்றாக வேண்டும் என்ற கட்டாயமும் நம்மால் வந்ததே. கல்லாமல் போனால் என்ன நேரும் என்பதை எந்தத் தெருவிலும் காணலாம். கையளவுக் குட்டியாய் வந்த லாப்ரடார் ஒரு வயதில் முப்பது கிலோ எடையோடு விருந்தினர் மேல் பாய்கிறது. முதலில் சங்கிலி, பிறகு மொட்டை மாடி, இறுதியில் ஊருக்கு வெளியே இறக்கிவிடப்படும் ஒரு பயணம். ஆகவே பழக்க வேண்டுமா என்ற வினாவுக்கு இடமில்லை. யாரிடம் விடுவது, எப்படித் தெரிந்துகொள்வது என்பவையே எஞ்சுகின்றன.

தெரிந்துகொள்ளுதல் என்றதும் வள்ளுவர் நினைவுக்கு வருகிறார். ஒருவரை ஆராய்ந்து நம்புவதற்குத் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமும், ஆராய்ந்து வினையில் அமர்த்துவதற்குத் 'தெரிந்து வினையாடல்' என அடுத்த அதிகாரமும் வைத்தவர் அவர். அரசனுக்குச் சொன்னவை, எனினும் வேலைக்கு ஆள் வைக்கும் எவருக்கும் பொருந்தும். ஆனால் அரசன் ஆராயும்போது அவனுக்கு ஒற்றர் இருந்தனர். குறை சொல்லக் குடிமக்கள் இருந்தனர். சமையற்காரர் சரியில்லை என்றால் உண்பவர் நாக்கு சொல்லிவிடும். தையற்காரர் கெடுத்தால் சட்டையே காட்டிக்கொடுக்கும். நாய்ப் பயிற்சியில் பணம் தருபவர் ஒருவர். வேலை செய்பவர் ஒருவர். வேலையைத் தன் உடம்பில் ஏற்பது மூன்றாவதொரு உயிர். அந்த உயிருக்கு நடந்ததைச் சொல்ல வாய் இல்லை. விடுதியில் அடிபட்ட பிள்ளை வளர்ந்து ஒருநாள் சொல்லக்கூடும். நாய் ஒருநாளும் சொல்லாது. கொடுத்த பணத்துக்கு என்ன வாங்கினோம் என்று அறியாமலே நாம் நிறைவடைந்துவிடும் வாய்ப்பு இங்கே மிகுதி.

ஏனெனில் நாம் விலை கொடுத்துக் கேட்பது அடக்கம். அடக்கத்துக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. அவற்றிலிருந்து வருவதோ பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 'உட்கார்' என்றதும் உட்காரும் இரண்டு நாய்களை அருகருகே நிறுத்துங்கள். ஒன்று, உட்கார்ந்தால் நல்லது நடக்கும் என்று கற்றது. மற்றொன்று, உட்காராவிட்டால் கழுத்து நெரியும் என்று கற்றது. இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன. விருந்தினர் இரண்டையும் பாராட்டுகிறார். உற்று நோக்கினால் மட்டுமே வேறுபாடு புலப்படும்: ஒடுங்கிய வால், பின்னோக்கி மடிந்த காது, தூக்கமில்லாத நேரத்துக் கொட்டாவி, உணவு இல்லாதபோதும் மூக்கை நக்கும் நாக்கு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரவிழியால் பார்க்கும் பார்வை. இவை நாயின் மொழியில் அச்சத்தின் எழுத்துகள் என்பது விலங்கு நடத்தையியல் அறிந்தோர் அனைவரும் ஒப்பும் செய்தி. நமக்கு அந்த எழுத்து தெரியாததால் 'எவ்வளவு அமைதியான நாய்!' என்று வாசித்துவிடுகிறோம்.

அமைதியைப் பற்றிப் பேசும்போது ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். அதைச் செய்த விதத்தை இன்று எந்த அறநெறிக் குழுவும் எளிதில் ஏற்காது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகிய உளவியலார் இருவர் நாய்களைக் கட்டிவைத்து மின்னதிர்வு கொடுத்தனர். அவை என்ன செய்தாலும் அதிர்வு நிற்கவில்லை. பின்னர் அவற்றை வேறொரு பெட்டியில் விட்டனர். நடுவில் தாழ்ந்த தடுப்பு ஒன்று. அதைத் தாண்டினால் அதிர்வு இல்லை. முன்பு அதிர்வு படாத நாய்கள் விரைவில் தாண்டக் கற்றன. பட்டவற்றுள் பெரும்பாலானவை தாண்டவில்லை; படுத்து முனகியபடி ஏற்றுக்கொண்டன. கற்ற கையறுநிலை என்று இதற்குப் பெயரிட்டனர். 2016இல் அவ்விருவருமே தங்கள் விளக்கத்தைத் திருத்திக்கொண்டனர் என்பது பலருக்குத் தெரியாத பின்கதை. கையறுநிலை கற்கப்படுவதன்று, நீடித்த துன்பத்துக்கு உடல் இயல்பாகத் தரும் மறுமொழியே அது, கற்கப்பட வேண்டியது தன் செயலால் ஏதேனும் மாறும் என்னும் நம்பிக்கையே என்று மூளை ஆய்வுகளின் துணையோடு எழுதினர். 'என் செயலுக்குப் பொருள் உண்டு' என்று ஓர் உயிருக்குக் கற்றுத் தருவதும், 'நீ என்ன செய்தாலும் ஒன்றுதான்' என்று கற்றுத் தருவதும் பயிற்சி என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. முப்பது நாளில் சாதுவாகித் திரும்பும் நாய் இவற்றுள் எதைக் கற்றுத் திரும்பியிருக்கிறது?

அடித்துப் பழக்குவோர் எல்லாரும் கொடியவர் என்று நான் கருதவில்லை. அவர்களுக்குப் பின்னால் ஒரு மரபு இருக்கிறது. ஜெர்மனியின் காவல்துறை அலுவலர் கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய நாய்ப் பயிற்சிக் கையேடு, காவல் நாய்களுக்கும் போர் நாய்களுக்கும் உரிய கடுமையான முறைகளை ஒழுங்குபடுத்தித் தந்தது. படைமுகாமிலிருந்து அது வீட்டு முற்றத்துக்கு வந்தது. அதற்கு வலுவூட்ட ஓநாய்க் கொள்கை ஒன்று வந்து சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விலங்குக்காட்சிச் சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களை ஆராய்ந்த ருடோல்ஃப் ஷெங்கெல், அவை ஓயாமல் முதன்மைக்குப் போராடுவதாக 1947இல் எழுதினார். அமெரிக்கரான டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட ஓநாய் நூல் 'தலைமை ஓநாய்' என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது. ஓநாய்க் கூட்டத்தில் தலைமைக்குப் போட்டி. நாய் ஓநாயின் வழிவந்தது. எனவே உங்கள் வீட்டு நாய்க்குட்டியும் உங்களை வீழ்த்தி அரியணை ஏறக் காத்திருக்கிறது. முந்திக்கொண்டு நீங்கள் அதை வீழ்த்துங்கள்! இப்படிப் போயிற்று அந்த ஏரணம்.

பின்னர் மெக் காட்டில் ஓநாய்களைப் பல ஆண்டுகள் பார்த்தார். காட்டுக் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். தலைமை என்று தாம் கூறியது தாயும் தந்தையும் மட்டுமே. அடைபட்ட அந்நியர்களுக்கிடையே நிகழ்ந்ததை இயல்பென்று கொண்டது தவறு என 1999இல் எழுதினார். தம் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரையும் கேட்டுக்கொண்டார். நியூயார்க் மாநிலத்தின் நியூ ஸ்கீட் மடத்துத் துறவியரும் இங்கே நினைவுகூரத் தக்கவர்கள். ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வளர்த்துப் பழக்குவதில் புகழ்பெற்ற அவர்கள், 1978இல் வெளியிட்ட நூலில், அடங்காத நாயை மல்லாத்தி அழுத்திப் பிடிக்கும் முறையைப் பரிந்துரைத்திருந்தனர். 2002ஆம் ஆண்டின் புதிய பதிப்பில் அதைக் கைவிட்டனர். நாளெல்லாம் செபத்திலும் அமைதியிலும் வாழ்ந்தவர்களையும், நாய்களை உண்மையாகவே நேசித்தவர்களையும் ஒரு கொள்கை அந்த இடம்வரை அழைத்துச் சென்றிருக்கிறது.

எனக்கு இதில் நாயைவிட மனிதரைப் பற்றிய செய்தியே பெரிதாகப் படுகிறது. எட்டு வாரக் குட்டியை அடிக்க யாருக்கும் கை எழாது. முதலில் அதைக் கலகக்காரனாக எண்ண வேண்டும். அது செருப்பைக் கடித்தது பல் முளைக்கும் நமைச்சலால் அன்று, உன்னை மதிக்காததால் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அதன்பின் கை தானாக எழுகிறது. எழும்போது கடமை செய்வதாகவும் தோன்றுகிறது. மருமகளிடத்தும் மாணவரிடத்தும் வேலையாட்களிடத்தும் குடியேற்ற நாட்டு மக்களிடத்தும் இதே வரிசையில்தான் இது நடந்திருக்கிறது. அறியாமையை ஆணவம் என்று பெயர் மாற்றிவிட்டால் போதும். தண்டனைக்கு நியாயம் பிறந்துவிடுகிறது. ஆகையால் பயிற்றுநரைத் தேடிச் செல்பவர் அவர் கையில் பிரம்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், குட்டியின் பிழைக்கு அவர் என்ன காரணம் கூறுகிறார் என்பதைக் கேட்பது நல்லது. 'திமிர்', 'அழுத்தம்', 'பிடிவாதம்' என்னும் சொற்கள் அடிக்கடி வந்தால், பிரம்பு உள்ளே எங்கோ இருக்கிறது.

மறுபக்கத்து முறை நாம் அறிந்ததே. சரியாகச் செய்ததைக் கண்ட அந்த நொடியில் நன்மை ஒன்றைத் தருவது. தவறுக்கு வாய்ப்பில்லாதபடி சூழலை அமைப்பது. நல்விளைவு தரும் செயல் வலுப்பெறும் என்று தார்ன்டைக் பூனைகளைக் கொண்டு காட்டினார்; ஸ்கின்னர் அதை விரிவாக்கினார்; ஓங்கில்களைப் பழக்கிய கேரன் பிரையர் 1984இல் எழுதிய நூல் அதை நாய் வளர்ப்போரிடம் கொண்டு சேர்த்தது. ஓங்கிலின் கழுத்தில் சங்கிலி மாட்ட முடியாது. அடித்தால் நீந்திப் போய்விடும். போகும் உரிமை உள்ள உயிரை எப்படிப் பழக்குவது என்ற நெருக்கடியில் கூர்மைபெற்ற முறை, போகும் உரிமை இல்லாத நாய்க்கும் பிறகு பயன்பட்டது. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் கழகம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை, வெகுமதி வழி முறைகளையே எல்லா நாய்களுக்கும் பரிந்துரைக்கிறது.

'இது இலஞ்சம் அல்லவா? பிஸ்கட்டுக்காகக் கீழ்ப்படிவது ஒரு கீழ்ப்படிதலா?' என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. இலஞ்சம் என்பது, முன்னரே கடமைப்பட்ட ஒருவர் அக்கடமையைச் செய்யக் கூடுதலாக வாங்குவது. நம் சோபாவைக் காக்கும் கடமை நாய்க்குட்டிக்கு எப்போது வந்தது? நாம் கேட்பது அதன் இயல்புக்கு ஒவ்வாத வேலை. அதற்கு அது பெறுவது கூலி. நாம் மாதக் கடைசியில் வாங்குகிறோம். அதன் நினைவாற்றலுக்கு நொடிக்கணக்கில் தர வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

ஆயினும் பிஸ்கட் வைத்திருப்பவரெல்லாம் நல்லவர் என்று முடித்துவிடவும் என்னால் இயலவில்லை. குட்டியைப் பட்டினி போட்டுவிட்டு, பசியின் கூர்மையில் பாடம் நடத்துவோரும் உண்டு. அங்கே கையில் பிரம்பு இல்லை, வயிற்றில் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, சாலையில் பாயும் குட்டியை வாரைப் பிடித்து இழுத்து நிறுத்துபவர் அதற்குக் கொடுமை செய்யவில்லை. தடுப்பது வேறு; துன்புறுத்துவது வேறு. இல்லை என்ற சொல்லையே கேளாமல் வளரும் நாய் கடைசியில் மொட்டை மாடிக்குத்தான் போகும் என்பதை முன்னரே பார்த்தோம்.

மெய்யியலார் இதில் என்ன சொன்னார்கள்? விலங்குகளுக்கு நாம் நேரடியாகக் கடமைப்பட்டிருப்பதாகத் தோமா அக்குவினார் கருதவில்லை. ஆனால் விலங்கிடம் கொடுமை பழகியவர் மனிதரிடமும் கொடியவராவார் என்பதால் அது விலக்கத் தக்கது என்றார். இம்மானுவேல் காந்து தம் அறவியல் விரிவுரைகளில் இதையே சொன்னார். உழைத்து ஓய்ந்த நாயைச் சுட்டுக் கொல்பவன் தன்னுள் இருக்கும் மனிதநேயத்தைச் சிதைத்துக்கொள்கிறான் என்பது அவர் கருத்து. ஜெரமி பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் அளவுகோலையே மாற்றினார்: பகுத்தறிவும் பேச்சும் இருக்கின்றனவா என்று பாராமல், துன்புறும் ஆற்றலைப் பார்க்க வேண்டும் என்றார். முதலிருவரின் வாதம் என் மனத்துக்கு முழு நிறைவு தரவில்லை. அதில் நாய் நம் முகத்தைப் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது. கண்ணாடி உடைந்தாலும் முகம் கெடாவிட்டால் சரி என்ற இடத்துக்கு அது வந்து நிற்கும். வலி நாயின் வலி. அதை வேறு எவருக்காகவும் கணக்கிட வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வீட்டு முற்றத்தில் கண்ட காட்சி, அந்தப் பழைய வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிடாதபடி செய்தது. பயிற்றுநர் ஒருவர் அவ்வீட்டின் எட்டு வயதுச் சிறுவனுக்குச் சங்கிலியைச் சுண்டி இழுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் முறை குட்டி கீச்சிட்டபோது சிறுவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். 'பயப்படக் கூடாது தம்பி, இன்னும் வேகமாக' என்றார் அவர். நான்காம் முறை சிறுவன் தயங்கவில்லை. குட்டி அன்று என்ன கற்றதோ அறியேன். சிறுவன் கற்றதை நான் கண்ணால் கண்டேன். நாய்ப் பயிற்சி என்பது பாதிக்கு மேல் வீட்டாருக்குரிய பயிற்சி. நாயைத் தம்மிடம் ஒரு மாதம் விட்டுச் செல்லுமாறு கேட்பவரைவிட, வீட்டார் அனைவரையும் உடனிருக்கச் சொல்பவரை நான் நம்புவது அதனால்தான்.

எப்போது தொடங்குவது என்பதிலும் பழைய முறையின் நிழல் விழுந்திருக்கிறது. ஆறு மாதம் ஆகட்டும் என்று சொல்வோர் இன்றும் உளர். அந்த ஆறு மாதக் கணக்கு குட்டியின் அறிவைப் பார்த்து வந்ததன்று. சுண்டி இழுக்கும் சங்கிலியைக் குட்டியின் இளங்கழுத்து தாங்காது என்பதால் வந்தது. ஸ்காட், ஃபுல்லர் ஆகியோர் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூலின்படி, நாய்க்குட்டி உலகோடு உறவு கொள்ளும் முதன்மைக் காலம் ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை. எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கலாகாது என்று நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விதிகள் கூறுகின்றன. எனவே குட்டி நம் கைக்கு வரும்போது எஞ்சியிருப்பது நான்கு வாரமே. பார்வோ நோய்க்கு அஞ்சி அந்த நான்கு வாரமும் வீட்டுக்குள் பூட்டிவைத்தால், பிறகு குடை விரித்தால் நடுங்கும், சீருடையணிந்தவரைக் கண்டால் சீறும் நாயாக அது வளரக்கூடும். முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் கழிந்தபின், தெருநாய்கள் நடமாடாத இடங்களுக்குக் கையில் தூக்கிச் சென்று உலகத்தைக் காட்டலாம். இவ்விரு அச்சங்களையும் எடைபோட்டுச் சொல்லத் தெரிந்தவர், கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் கூறுபவர், தம் தொழிலை அறிந்தவர்.

நம் நாட்டில் நாய்ப் பயிற்றுநர் என்று பலகை மாட்டத் தேர்வும் வேண்டியதில்லை, உரிமமும் வேண்டியதில்லை. ஜெர்மனியில் 2014ஆம் ஆண்டு முதல் இத்தொழில் நடத்த அரசின் ஒப்புதல் தேவை. வேல்ஸ் 2010இலேயே மின்னதிர்வுக் கழுத்துப்பட்டையைத் தடை செய்தது. நம்மிடம் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடிப்பதையும், அளவுக்கு மீறிய குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும் குற்றம் என்றே அது கூறுகிறது. முதல் குற்றத்துக்கு அது வகுத்த தண்டமோ பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. சட்டத்தை நம்பியிருக்க வழியில்லாததால் நம் கண்ணையும் கேள்விகளையுமே நம்ப வேண்டியிருக்கிறது. குட்டி சரியாகச் செய்தால் என்ன தருவீர்கள், தவறாகச் செய்தால் என்ன செய்வீர்கள், நான் அருகில் நின்று பார்க்கலாமா? இம்மூன்றையும் கேட்டால் போதும். மூன்றாவதற்கு மறுப்பு வந்தால் முதலிரண்டின் விடை எவ்வளவு இனிமையாக இருந்தாலும் திரும்பி வந்துவிடலாம். இத்தனை நாளில் முடித்துத் தருகிறேன் என்று உறுதிமொழி தருபவரிடமும் எனக்கு ஐயம் உண்டு. உயிருள்ள எதற்கும் அப்படி நாள் குறிக்க முடியாது. அவர் முன்பு பழக்கிய நாய் ஒன்றின் வீட்டுக்கு அவரோடு சென்று, வாயிலில் அவர் குரல் கேட்டதும் அது என்ன செய்கிறது என்று பார்ப்பது எல்லாக் கேள்விகளையும்விட மேல்.

அதுவும் முற்றிலும் போதாது என்பதற்கு நாலடியார் ஒரு காரணம் வைத்திருக்கிறது. நட்பை ஆராயும் இடத்தில் யானையையும் நாயையும் ஒப்பிடும் செய்யுள் ஒன்று அதில் உண்டு. நெடுநாள் அறிந்த பாகனையே யானை கொல்லும். நாயோ, தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் அவனைக் கண்டு வாலாட்டும் என்பது அதன் கருத்து. நாயைப் போன்றாரின் நட்பைக் கொள்க என்று மனிதருக்கு அறிவுரை கூற வந்தது அச்செய்யுள். அதை நாயின் பக்கத்திலிருந்து படித்தால் நெஞ்சு சற்றுக் கலங்குகிறது. வேல் தைத்த நாயும் வாலாட்டும் என்றால், வாலாட்டுவதை நம் நடத்தைக்கு நற்சான்றாகக் கொள்ள முடியாது. துன்பத்தை மன்னிப்பவர் அதற்கு இசைந்துவிட்டார் என்று பொருளாகாது. இல்லங்களில் நாம் எளிதில் தப்பித்துக்கொள்ளும் இடமும் இதுவே. 'அவளே ஒன்றும் சொல்லவில்லையே' என்போம்.

பயிற்றுநரின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. காவல்துறை அல்லது இராணுவ நாய்ப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்றவர், அல்லது விடியற்காலை ஐந்தரை மணிக்கு இருசக்கர வண்டியில் கிளம்பி வீடுவீடாகச் செல்லும் இளைஞர்; நம் ஊர்களில் இத்தொழிலில் இவர்களையே மிகுதியும் காண்கிறோம். ஒரு வீட்டில் அரைமணி நேரம். வீட்டார் உறங்கிக்கொண்டிருப்பார்கள், வேலைக்காரப் பெண் நாயைக் கொண்டுவந்து விடுவார். மாத முடிவில் 'இன்னும் கடிக்கிறதே, பணம் மட்டும் வாங்கத் தெரிகிறதே' என்ற பேச்சு. பொறுமையான முறைக்கு நாள் ஆகும், நாளுக்குப் பணம் ஆகும். இரண்டையும் தர மனமில்லாத வீட்டில், விரைந்து விளைவு காட்டும் ஒரே கருவி அவர் கைக்கு வருவதில் வியப்பென்ன? அடித்தவரை நாம் குறை கூறும்போது, அந்த அவசரத்துக்கு விலை பேசியவர் யார் என்பதையும் எண்ண வேண்டும்.

மொழியைப் பற்றி ஒன்று. நம் வீடுகளில் பிள்ளைகளிடம் தமிழில் பேசுவோர்கூட நாயிடம் 'சிட்', 'ஸ்டே', 'கம்' என்றுதான் பேசுவார்கள். நாய்க்கு எந்த மொழியும் ஒன்றே; ஒலியும் கைச்சாடையும் மாறாதிருந்தால் போதும். ஆனால் பகல் முழுதும் அதனோடு தனித்திருக்கும் பாட்டிக்கு அச்சொற்கள் வாயில் நுழைவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு வந்த பயிற்றுநர் முதல் நாள் குட்டியைத் தொடவே இல்லை. திண்ணையில் அமர்ந்து, 'நீங்கள் சாப்பாடு வைக்கும்போது இதை எப்படிக் கூப்பிடுவீர்கள், பாட்டி?' என்று கேட்டார். 'வாடா கண்ணு என்பேன்' என்றார் அவர். 'அப்படியானால் அதுவே இருக்கட்டும். வீட்டில் எல்லாரும் அதையே சொல்லுங்கள்' என்று கூறி, வேகவைத்த கோழித் துண்டுகள் சிலவற்றைச் சிறிதாகக் கிள்ளிப் பாட்டியின் கையில் கொடுத்தார். திண்ணையின் மறுகோடியிலிருந்து பாட்டி பத்து முறை அழைத்தார். பத்து முறையும் குட்டி ஓடிவந்தது. அவ்வளவுதான் அன்றைய பாடம்.

'இதற்கா தம்பி சம்பளம்?' என்றார் பாட்டி.

'ஆமாம் பாட்டி. நாளைக்கும் இதுதான்.'